விரல் நீளக் கத்தி

1948இல், வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன கட்டிலும் பீரோவும் பியானோவும் கண்டோன்மென்ட் ஏலக்கடை ஒன்றில் வந்து குவிந்தன. அங்கே மூட்டை பிரிக்கும் ஆள் அய்யாவு. மர்பி டவுனில் ஓர் அறை வீடு, மனைவி பாஞ்சாலி. நாள் முழுக்கக் கயிறு அறுக்கிற வேலை என்பதால் கத்தி இல்லாமல் அவர் வெளியே கிளம்பியதில்லை.

அந்த ஆடியில் மார்க்கெட் பக்கம் ஒருவனைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். அதன்பின் போலீஸ்காரர்கள் போவோர் வருவோரின் பையைச் சோதித்தார்கள். அய்யாவு பயந்த சுபாவம். தானே ஸ்டேஷனுக்குப் போய், வாசலில் நின்ற ஏட்டிடம் தன் கத்தியைக் காட்டி, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

“இது நீளம் ஜாஸ்திப்பா. மடக்குறதா, விரல் நீளத்துக்குள்ள ஒண்ணு வாங்கிக்கோ. யாரும் கேக்க மாட்டாங்க.”

ஞாயிற்றுக்கிழமை கடை கடையாக ஏறினார். ஒரு கத்தி பட்டனைத் தட்டியதும் துள்ளி விரிந்தது. அதைத் தொடவே இல்லை. இன்னொன்று ஒரு நெல் நீளம் கூடுதல். கடைசியில் நடுவிரலை அலகோடு வைத்து அளந்து, கொம்புப் பிடி போட்ட ஒன்றை வாங்கினார். நகத்தால் இழுத்தால்தான் திறக்கும். மறுநாள் எல்லோரிடமும் காட்டினார்.

“சட்டப்படி கத்தி சார் இது.”

குமாஸ்தாக்கள் ஓஸ்வால்டும் டென்சிலும் அன்றிலிருந்து அவரைச் ‘சட்டப்படி’ என்றே கூப்பிட்டார்கள். கேலி ஒரு மாதத்தில் அலுத்துவிட்டது. ஏலத்துக்கு வந்திருந்த வேட்டைக் கத்தி ஒன்றை ஓஸ்வால்ட் அவருடைய சாப்பாட்டுப் பைக்குள், தூக்குச் சட்டிக்கு அடியில் செருகினார். டென்சில் தெருமுனைக் கான்ஸ்டபிளிடம் போய்க் காதைக் கடித்தார்.

“கொஞ்சம் மிரட்டுவான், அவ்ளோதான்” என்று ஓஸ்வால்ட் சிரித்தார்.

மாலையில் தெருமுனையில் கான்ஸ்டபிள் சோதித்தபோது பையிலிருந்து அந்தக் கத்தி வெளியே வந்தது. “என்துல்ல சார், என்து இதான்” என்று அய்யாவு பதறிப்போய்ச் சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து நீட்டினார். ஒன்றுக்கு இரண்டு கத்தி என்று எழுதிக்கொண்டார்கள்.

மூன்று நாள் அடித்தார்கள். இடது காது கேட்காமல் போயிற்று. ஏலக்கடை முதலாளி ஓஸ்வால்டை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போய், “இது நம்ம சாமான்தானே?” என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் ஓஸ்வால்டின் வேலை போகும்.

“ஆமா சார்” என்று மட்டும் சொன்னார் ஓஸ்வால்ட்.

திருட்டு வழக்கில் நாலு மாதம் ஜெயில். வெளியே வந்த அய்யாவுக்கு யாரும் வேலை தரவில்லை. ஓஸ்வால்ட்தான் ரிச்சர்ட்ஸ் டவுனில் தமக்குத் தெரிந்த பங்களா ஒன்றில் கேட் காக்கும் வேலைக்குச் சொல்லிவிட்டார். ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கும் வருவார். அய்யாவு அவர் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். “கூடப் பொறந்தவன்கூட இப்டி செய்ய மாட்டான்” என்று தெருவெல்லாம் சொல்லுவார். காது கேட்காததால் உரக்கச் சொல்லுவார்.

ஐந்து வருஷம் கழித்து, குடித்துவிட்டு வந்த டென்சில் நடந்ததையெல்லாம் பாஞ்சாலியிடம் கொட்டி அழுதார். அவள் முறத்தை இறக்கி வைக்காமலே கேட்டு முடித்தாள்.

“அவருகிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா இந்த வேலையில நிக்க மாட்டாரு.”

அடுத்த ஞாயிறு ஓஸ்வால்ட் வந்தார். அய்யாவு முக்காலியைத் துடைத்துப் போட்டார். ரொட்டியை வாங்கும்போது பாஞ்சாலி ஓஸ்வால்டின் முகத்தைப் பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

“டென்சில் வந்திருந்தாரு” என்றாள், கணவனுக்குக் கேட்காத குரலில். “உக்காருங்க சார். நீங்க வரலன்னா இவரு தேடுவாரு. வாராவாரம் வந்துடுங்க.”

ஓஸ்வால்ட் இன்னும் பதினோரு வருஷம், ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்தார். ஒவ்வொரு முறையும் அய்யாவு அவர் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாஞ்சாலி எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.