சொல்லாமல் விட்ட கேதம்

எழுபது வயது மனிதர் ஒருவரைப் பழிவாங்கியவன் நான். காரணத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு கல்யாணப் பந்தியில் அவர் என் நகைச்சுவைக் கட்டுரைகளைப் பற்றி, “தம்பி எழுதுறதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எந்த எடத்துல சிரிக்கணும்னு ஓரமா எழுதிட்டா இன்னும் நல்லா இருக்கும்” என்றார். பந்தியே சிரித்தது. என் கட்டுரை எதற்கும் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

அப்போது பதுளையில் உயர்தர வகுப்புக்கு ஒரு பழைய ஆங்கிலக் கதை நடத்திக்கொண்டிருந்தேன். தன்னை அவமதித்த நண்பனைச் சிரித்துப் பேசியே நிலவறைக்குக் கூட்டிப்போய், உயிரோடு சுவர் வைத்து மூடுகிறவனின் கதை. அரை நூற்றாண்டு கழித்துச் சொல்லும்போதும் அவன் குரலில் வருத்தம் கிடையாது. “இவனெல்லாம் மனுசனா சேர்?” என்றாள் ஒரு மாணவி. மனித மனத்தின் இருளைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். எனக்கு அவனை உள்ளூரப் பிடித்திருந்ததைச் சொல்லவில்லை.

அந்த மாதமே நமுனுகுலவில் என் சித்தப்பா இறந்தார். எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கம் சாவுச் செய்தியை நேரில் போய்ச் சொல்ல வேண்டும். கேதம் சொல்வது என்பார்கள். போனில் ஊரே அறிந்திருந்தாலும், வாசலுக்கு ஆள் வந்து சொல்லாவிட்டால் மானமுள்ளவன் சாவு வீட்டுக்குப் போகமாட்டான். ஹாலிஎலப் பக்கம் ஐந்து வீடுகளுக்குச் சொல்லும் பொறுப்பு எனக்கு. முதல் வீடு, பந்தியில் என்னைக் கேலி செய்த அந்த மனிதருடையது. சித்தப்பாவும் அவரும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து, ஒன்றாகவே காலைப் பெரட்டில் பேர் கொடுத்து மலையில் வேலை பார்த்தவர்கள்.

அவர் வாசலில் மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் குறைத்தேன். பிறகு கூட்டினேன். மற்ற நான்கு வீடுகளுக்கும் குறையில்லாமல் சொன்னேன்.

“அண்ணே, அவருக்குச் சொல்லிட்டீங்கல்ல?” என்று சித்தப்பா மகன் கேட்டான்.

“சொல்லிட்டேன்.”

“அப்ப வந்துருவாரு. அவரு மொகம் பாக்காம எப்படித் தூக்குறது?”

இரண்டு மணிக்குத் தூக்க வேண்டியதை மூன்றரை வரை வைத்திருந்தார்கள். மழை இறங்கியது. “இவ்வளவுதான் சிநேகிதம்” என்றார் ஒருவர். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். குழியில் மண் விழுந்தபோது வருத்தம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பத்து நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன்.

“காலையிலயே போன் வந்திருச்சு தம்பி,” என்றார். “வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு வாசல்ல ஒக்காந்திருந்தேன். ஒங்க பைக்கப் பாத்ததும் எந்திரிச்சிக்கூட நின்னேன். சரி, திரும்பி வரும்போது சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.”

அவர் எழுந்து நின்றதை நான் பார்த்திருந்தேன். திரும்பும்போது வேறு பாதையில் வந்ததும் அதனால்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன்: பந்தி, சிரிப்பு, என் ஆத்திரம். ஏசுவார் என்று காத்திருந்தேன். “மொகம் எப்படி இருந்துச்சு தம்பி? ரொம்ப வாடிப்போச்சா?” என்றார்.

எனக்குத் தெரியாது. சவத்தின் பக்கத்தில் நின்ற நேரமெல்லாம், இவர் வந்துவிடுவாரோ என்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். “தூங்குற மாதிரிதான் இருந்தாரு” என்றேன். அதையும் நம்பித் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்தது. முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தவள், “அந்த வயசான மனுசன் வீட்டுக்கு வெறுங்கையோடயா போனீங்க?” என்றாள்.