குரங்கணிக்கு ஏறிய பள்ளிக்கூடம்

சோணை தான் படித்த பள்ளிக்கூடத்துக்கு ஒன்பது ரூபாய் கடன்பட்டிருந்தான். மூன்று வருஷம் கட்டாத படிப்புச் சம்பளம். அதற்காக நடு வகுப்பில் எழுப்பி வெளியே அனுப்பினார்கள். காடு உழுகிற சிலமலைச் சம்சாரி மகன் சளைப்பானா? மதுரைக்கு நடந்தே போனான், மூடை தூக்கினான், வாத்தியார் பரீட்சையில் தேறினான். 1899-இல் அதே பள்ளிக்கூடத்துக்குத் தலைமை வாத்தியாராகப் போடிக்குத் திரும்பினான். எத்தனை பேரால் முடியும் இது!

பள்ளிக்கூடத்தைச் சொந்தப் பொறுப்பில் நடத்தியவர் ஏல வியாபாரி வெள்ளைத்துரை. "மொதல்ல பழைய பாக்கியக் கீழ வையி அப்பு, பொறவு நாக்காலியில உக்காரு" என்றார்.

சோணை மடியை அவிழ்த்து ஒன்பது ரூபாயையும் மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். அந்த நொடியிலிருந்து அவர் சோணை வாத்தியார்.

ஆவணி பிறந்தது. மலையில் ஏலக்காய் எடுப்பு. தாய்மாரோடு குரங்கணிக்கு மேலே போன பிள்ளைகள் தை மாதம்தான் இறங்கும். நாற்பத்தொரு பேரில் மிஞ்சியது மூன்று. ஐப்பசியில் பள்ளிக்கூடத்தைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வருவார். முப்பது பிள்ளை இல்லையென்றால் சர்க்கார் மானியம் கிடையாது, பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுத்தான். மானியம் வரும்வரை வாத்தியார் சம்பளமும் நிறுத்தம்.

"சந்தையில திரியிற பயலுகளப் பிடிச்சு உக்கார வைப்போம். வருசா வருசம் அப்படித்தான" என்றார் வெள்ளைத்துரை.

"வேசங்கட்டுற சோலி நமக்கு ஆகாதுண்ணே. பிள்ளைக இருக்கிற எடத்துக்குப் பள்ளிக்கூடத்தக் கொண்டுபோறேன்."

"பெஞ்சையும் தூக்கிக்கிட்டா?"

"கரும்பலகை போதும்."

அதை முதுகில் கட்டிக்கொண்டு அவரே ஏறினார். காய் உலர்த்தும் களத்தில் எடுப்புக்காரி இருளம்மாள் மறித்தாள். "எம் மகளுக்குக் கூலி போனா நீ குடுப்பியா வாத்தியாரே?"

"இலையில ஈரம் காயிற மட்டும் நீங்க யாரும் தோட்டத்துல எறங்குறதில்லையே ஆத்தா. அந்த நேரத்த மட்டும் எனக்குக் குடு."

இருளம்மாள் வழி விட்டாள். அன்றிலிருந்து விடிந்ததும் களத்தில் வகுப்பு, வெயில் ஏறியதும் எடுப்பு.

ஐப்பசியில் மட்டக்குதிரையில் வந்து இறங்கினார் இன்ஸ்பெக்டர். காலில் அட்டை கடித்த ரத்தம்; கோபம் அதைவிடச் சிவப்பு. கூடவே வெள்ளைத்துரை, பேயறைந்த முகத்தோடு.

"இது பள்ளிக்கூடமா, களமா?"

"ரெண்டுந்தான் எசமான். தலைய எண்ணிக்கிருங்க."

முப்பத்தெட்டு! இன்ஸ்பெக்டர் விடவில்லை. கணக்குப் போட்டார்: "இருபது ராத்தல் ஏலக்காய் பறித்துக் காயவைத்தாய். ராத்தல் இரண்டு ரூபாய்க்கு விற்றால் எவ்வளவு கிடைக்கும்?"

இருளம்மாள் மகள் செல்லக்கிளி எழுந்தாள். "எட்டு ரூவா."

"தப்பு. நாற்பது."

களமே சிரித்தது. செல்லக்கிளி சொன்னாள்: "காஞ்சா அஞ்சுல ஒண்ணுதான எசமான் நிக்கும்? இருபது நாலாயிருமே!"

இன்ஸ்பெக்டர் திரும்பி வெள்ளைத்துரையைப் பார்த்தார். ஏலத்திலேயே பிழைக்கும் மனிதர் வேறென்ன சொல்வார்? "பிள்ளை சொல்றது சரிதாங்க." இன்ஸ்பெக்டர் தாமும் சிரித்துவிட்டு, களத்திலேயே உட்கார்ந்து முப்பத்தெட்டுப் பேரும் தேறியதாகப் பதிவேட்டில் எழுதினார். போடி அடங்கிய பெரியகுளம் தாலுகாவில் அப்படி ஒரு பள்ளிக்கூடம் அன்றைக்கு வேறு கிடையாது. மார் தட்டியே சொல்லலாம்.

மார்கழியில் மானியம் வந்தது. எந்த வாத்தியாருக்காகவும் மலையேறாத வெள்ளைத்துரை மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"நீட்டுங்க கைய, தலைமை வாத்தியாரே."

பிள்ளைகள் உரக்க எண்ண எண்ண, ஐந்து மாதச் சம்பளம் ஐம்பத்தைந்து ரூபாயும், ஒவ்வொன்றாக, விரிந்த உள்ளங்கையில் வந்து விழுந்தது.