சேதி வராத மாதங்களில் எனக்குக் கிடைத்த பதில்

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தோடு வீட்டிலிருந்து கடிதம் வருவது நின்றுபோனது. நான் அப்போது பிரான்ஸின் மேற்குக் கரையில் உள்ள பிரெஸ்ற் என்னும் துறைமுகப் பட்டினத்தில் படித்துக்கொண்டிருந்தேன். சண்டை மறுபடி தொடங்கிவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை என்றார்கள். விமானங்கள் குண்டு போடுகின்றன என்றார்கள். கோட்டைக்குப் பக்கத்தில்தான் எங்கள் குருநகர். அம்மா, அப்பா, தம்பி அன்ரன், மூவரும் உயிரோடு இருக்கிறார்களா என்று அறிய எனக்கு ஒரு வழியும் இருக்கவில்லை.

அன்பான சகோதர சகோதரிகளே, நான் கூட்டங்களில் எழுந்து கதைக்கிற ஆள் இல்லை. ஆனால் எங்கள் கோயில் பங்கில், வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளின் சேதிக்காகக் காத்திருக்கும் தாய்மார் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். ஆண்டவர் எனக்குச் செய்ததை உங்களுக்கு எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

நான் கடற்றொழில் செய்யும் வீட்டுப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து முடித்தபோது, கடல் மீன்களைப் பற்றி மேற்படிப்புப் படிக்கப் பிரான்ஸில் புலமைப்பரிசில் கிடைத்தது. அப்பா சிரித்தார். "மீனைப் பற்றிப் படிக்கப் பிரான்சுக்குப் போகவேணுமே? என்னோடை வள்ளத்திலை வா, நான் காட்டுறன்" என்றார். ஆனால் கரையில் கண்டவர்களிடமெல்லாம், "என்ரை மோள் கடலுக்கு டொக்டராகப் போறாள்" என்று சொல்லித் திரிந்தவரும் அவர்தான்.

பிரெஸ்ற்றில் எப்போதும் மழை. எங்கள் மாரி மழைபோல அடித்து ஓயாது. காலையில் தொடங்கி, நினைத்து நினைத்துத் தூறும். மாணவர் விடுதியில் எனக்கு ஒரு சின்ன அறை. மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை. வகுப்பு முடிந்து வரும் வழியில் நீளப் பாண் ஒன்று வாங்கிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு நடப்பேன். சுடச்சுட இருக்கும். அறைக்கு வந்து சேரும்போது பாதிப் பாண் இருக்காது. இன்றைக்கும் பேக்கரி வாசனை வந்தால் அந்த ஈரத் தெரு கண்ணுக்குள் வரும்.

துறைமுகத்தில் கிழிந்த வலை பொத்துகிறவர்களைப் பார்த்தபடி நெடுநேரம் நிற்பேன். மொழி வேறு, ஊசி பிடிக்கிற கை ஒன்றுதான். அங்கே மலிவாகக் கிடைத்த மீனை வாங்கி வந்து, அம்மா தந்துவிட்ட கறித்தூளில் ஒருநாள் குழம்பு வைத்தேன். மாடி முழுவதும் தும்மல். யன்னல்களையெல்லாம் திறந்து வைத்துவிட்டு எல்லாரும் ஓடிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் பாண் துண்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மொரோக்கோவைச் சேர்ந்த சமீரா. அடுத்த அறை முஸ்லிம் பிள்ளை. அன்றிலிருந்து எனக்குச் சகோதரி. ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர் வழக்கப்படி நான் எதற்கெடுத்தாலும் "ஓம்" என்பேன். பிரெஞ்சில் அந்தச் சத்தத்துக்கு ஆண்பிள்ளை என்று பொருள். "ஆரடி அந்த ஆம்பிளை, எந்த நேரமும் கூப்பிடுறாய்?" என்று சமீரா கேட்டுச் சிரிப்பாள். அவள் பிரெஞ்சில் சொன்னதைத்தான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன். எனக்குள் அது அப்படித்தான் கேட்டது.

அந்தச் சிரிப்பெல்லாம் ஜூனோடு போயிற்று.

சாப்பாடு இறங்கவில்லை. ஆய்வுகூடத்தில் மீனை வெட்டி வைத்துவிட்டு எதற்கு வெட்டினேன் என்று தெரியாமல் நிற்பேன். பேராசிரியர் கூப்பிட்டு, கொஞ்சக் காலம் படிப்பை நிறுத்தி வை என்றார். நிறுத்திவிட்டு எங்கே போவது? ஊருக்குப் பாதையே இல்லை.

எல்லாவற்றையும்விட மோசம், என்னால் செபிக்க முடியவில்லை. செபமாலையைக் கையில் எடுப்பேன். 'எங்கள் மரண வேளையிலும்' என்ற இடம் வந்ததும் நாக்கு நின்றுவிடும். அதற்கு அங்காலே போகாது. கடைசியில் மாலையைக் கீழே வைத்துவிட்டு இவ்வளவுதான் சொல்வேன்: "ஆண்டவரே, ஒரு சொல்லுத் தாரும். இருக்கினமோ இல்லையோ, ஒரு சொல்லு." வேறு செபம் என்னிடம் இருக்கவில்லை.

செப்டெம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இனிப் பூசைக்குப் போவதில்லை என்று முடிவெடுத்துப் போர்வைக்குள் கிடந்தேன். சமீரா கதவைத் தட்டிக்கொண்டு வந்தாள்.

"இண்டைக்குக் கோயில் இல்லையே?"

"நான் போகேல்லை. அவருக்குக் காது கேக்காது."

அவள் கட்டில் ஓரத்தில் இருந்தாள். "கோவமெண்டால் அங்கை போய் அவரிட்டைச் சொல்லு. போர்வைக்குள்ளை கிடந்து கோவிச்சு என்ன பிரயோசனம்? எழும்பு. நானும் வாறன்."

நான் வழக்கமாகப் போகும் பெரிய கோயில் தூரம். மழை பலத்துவிட்டதால் துறைமுகத்துக்குக் கிட்டவுள்ள சின்னக் கோயிலுக்கு அவள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அதற்கு முன் நான் அந்தக் கோயிலுக்குள் கால் வைத்ததில்லை. அவள் குடையோடு வாசலில் நின்றாள். நான் கடைசி வரிசை வாங்கில் இருந்து பூசை முழுவதும் அழுதேன்.

பூசை முடிய, முன்வரிசையிலிருந்த ஒரு வயதான கன்னியாஸ்திரி என்னிடம் வந்து முழங்கையைத் தொட்டார்.

"பிள்ளை, நீர் சிலோனோ?"

தலையாட்டினேன்.

"மீனைப் பற்றிப் படிக்கிறீரோ? உம்முடைய பேர் ரீற்றாவோ?"

வாங்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உம்மைத்தான் தேடிக்கொண்டிருக்கிறம். உம்முடைய அம்மா இருக்கிறா. எல்லாரும் இருக்கினம். இந்தியாவிலை, மண்டபம் அகதி முகாமிலை."

நான் அந்த இடத்திலேயே தரையில் இருந்துவிட்டேன். சமீரா பயந்து குடையையும் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தாள்.

நடந்தது இதுதான். குண்டு விழத் தொடங்கியதும் அப்பா தன் வள்ளத்திலேயே அம்மாவையும் தம்பியையும் ஏற்றிக்கொண்டு இராமேஸ்வரம் போயிருக்கிறார். முகாமில் உதவி செய்த கன்னியாஸ்திரிகளிடம் அம்மா, மகள் பிரெஸ்ற்றில் மீன் படிக்கிறாள் என்று சொல்லி அழுதிருக்கிறா. வீட்டை விட்டு ஓடியபோது என் விலாசத்தை எடுத்துவர முடியவில்லை. அந்தக் கன்னியாஸ்திரிகளின் சபைக்குப் பிரெஸ்ற்றிலும் ஒரு மடம் இருந்தது. சேதி அங்கே வந்திருக்கிறது. இந்தச் சிஸ்ரர் போகிற இடமெல்லாம் என்னை விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மடத்துக்குக் கூட்டிப்போய் மண்டபத்தில் இருந்த அவர்கள் சபையின் மடத்துக்குத் தொலைபேசி எடுத்துத் தந்தார். அங்கிருந்த சிஸ்ரர், "அம்மாவைக் கூப்பிட்டு வாறம், கொஞ்சம் பொறுத்து எடுங்கோ" என்றார். மடத்தின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானும் சமீராவும் அவர்களுக்குப் போஞ்சிக்காய் உரித்துக் கொடுத்தோம். கையைச் சும்மா வைத்துக்கொண்டு காத்திருக்க என்னால் முடியவில்லை.

மறுபடி எடுத்தபோது அம்மாவின் குரல்.

"ரீற்றாவோ? என்ரை பிள்ளையோ?"

"ஓம் அம்மா. நான்தான்."

இருவரும் அழுதோம். பிறகு அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, "இங்கை மீன் வாயிலை வைக்கேலாது பிள்ளை. எல்லாம் ஐஸ்" என்றா. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில்தான் அம்மா உண்மையிலேயே உயிரோடு இருக்கிறா என்று நம்பினேன்.

"அப்பா எங்கை?"

"கொப்பா வெளியிலை நிண்டு அழுறார். உன்ரை குரலைக் கேட்டால் தாங்கமாட்டாராம்."

சூறாவளியிலும் கலங்காத மனிதர் என் அப்பா.

மடத்தை விட்டு வெளியே வந்ததும் சமீரா சொன்னாள்: "நானும் என்ரை தொழுகையிலை உன்ரை அம்மாவுக்காகக் கேட்டனான்." ஆண்டவர் யார் குரலை எப்படிக் கேட்டார் என்று நான் ஆராயப் போவதில்லை. அவளை அந்தக் காலையில் என் கதவுக்கு அனுப்பியவர் அவர்தான் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. எங்கள் அடுத்த வீட்டு மெற்றில்டா அக்காவின் குடும்பம் வேறு வள்ளத்தில் புறப்பட்டது. அது கரை சேரவில்லை. அவவும் எங்களைப் போலச் செபித்தவதான். ஏன் எங்களுக்குக் கிடைத்தது அவவுக்குக் கிடைக்கவில்லை என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியையும் தாங்கிக்கொண்டுதான் நான் நன்றி சொல்கிறேன்.

படிப்பை முடித்தேன். அங்கேயே வேலைக்கு நிற்கச் சொன்னார்கள். அம்மாவும் அப்பாவும் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிவிட்டதாக அறிந்ததும் எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. தரைப்பாதை மூடியிருந்ததால் கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து வந்து சேர்ந்தேன். இப்போது பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். முன்பெல்லாம் செபம் என்றால் பரீட்சைக்கும் எனக்கும் மட்டும்தான். இப்போது சனிக்கிழமைகளில், சேதி வராத வீடுகளுக்குப் போய் அவர்களோடு இருந்து செபிக்கிறேன். சில வீடுகளில் செபமே சொல்வதில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டு வருவேன். அதையும் அவர் கேட்கிறார் என்று நம்புகிறேன்.

பிள்ளையின் குரலைக் கேட்காமல் காத்திருக்கிற தாய்மாரே, உங்கள் பிள்ளை இருக்கிற ஊரின் பெயரைக்கூட உங்களுக்கு ஒழுங்காகச் சொல்ல வராமல் இருக்கலாம். ஆண்டவருக்கு அந்தத் தெருவும் தெரியும், வீடும் தெரியும். அவரை நம்புங்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். வந்து உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து அந்தப் பெயரை அவர் முன்னால் சொல்வோம்.