பேருந்து வரும்வரை பேசினேன்

எம்.ஏ. அரசியல் படித்தபோது எனக்குப் பிடிக்காத பாடம் அமெரிக்க அரசாங்கம். பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன், அவ்வளவுதான்.

ஒரு கோடையில், என் சொந்த ஊரான கொடைக்கானலில் எங்கள் வகுப்புக்கு முகாம் நடந்தது. அமெரிக்க செனட் போலக் கூடி விவாதிப்பதுதான் பயிற்சி. கடைசி நாள், சக மாணவர் ராமசாமி தீர்மானம் கொண்டுவந்தார்: அடுத்த ஆண்டு முதல் முகாமுக்குப் பெண்கள் வேண்டாம். நிறைவேறினால் அதைத் துறைக்கு அனுப்புவதாகப் பேராசிரியரும் சொல்லிவிட்டார்.

பெண்கள் நாங்கள் இருவர்தான். வாக்கெடுத்தால் தோல்வி நிச்சயம். அப்போதுதான், செனட்டில் ஒருவர் பேசிக்கொண்டே இருந்தால் வாக்கெடுப்பைத் தள்ளிப்போடலாம் என்று படித்தது நினைவுக்கு வந்தது. எல்லோரும் ஊர் திரும்ப வேண்டிய பேருந்து வரும்வரை பேசினால் போதும். எழுந்தேன். அரசியலமைப்பில் தொடங்கி, கடைத்தெருவில் என் அத்தா விற்கும் பேரிக்காய் வரை பேசினேன். இரண்டு மணி நேரத்தில் தொண்டை கட்டிவிட்டது.

"போதும், உட்காரும்மா" என்றார் பேராசிரியர்.

"மாட்டேன் சார். பேசுறவங்கள நிறுத்தக் கூடாதுன்னு நீங்கதானே பாடம் நடத்துனீங்க?"

அவர் சிரித்துவிட்டார். ராமசாமியே எழுந்து தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"மெதுவாக் குடிங்க. பஸ் வர இன்னும் அரை மணி நேரம் கெடக்கு."

பேருந்து வந்தது. வாக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்த ஆண்டு முகாமுக்கு ஒன்பது பெண்கள் போனார்கள்.

பின்னாளில் அந்தப் பாடத்தை நானே கல்லூரியில் நடத்தினேன். அந்த விதிக்கு வரும்போதெல்லாம் என் குரல் தானாக உயர்ந்துவிடும்.