நைனாவிடம் யாரும் கேட்கவில்லை

ஆராய்ச்சி முறையியல் பாடம் எனக்கு ஆரம்பத்தில் மிகவும் பிடித்திருந்தது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் சண்டை போடுவதற்கென்றே வகுப்பில் வந்து உட்கார்ந்தவள் நான் என்று நினைத்துவிடுவார்கள். கல்லூரியில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவு. படகில் கரைக்கு வந்து, பஸ்ஸில் பொன்னேரி போய், அங்கிருந்து ரயில் பிடித்து எம்.எட். வகுப்புக்குப் போவேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஏரியில் வலை போட்டு என்னை பி.எட். வரை படிக்க வைத்தவர். நான் எம்.எட். சேர்ந்த கொஞ்ச நாளில் மார்வலி என்று சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்தும் நான் வீட்டிலேயே கிடந்தேன். அம்மாதான் என் பையை எடுத்துக் கையில் கொடுத்தாள். "அவுரு இருந்தா உன்ன இப்டி உக்கார உட்டுருப்பாரா? கெளம்பு."

திரும்பிப் போன வாரத்தில்தான் எங்கள் பேராசிரியர் வினாநிரல் தயாரிப்பதைப் பற்றிப் பாடம் எடுத்தார். நன்றாக எடுப்பார், அதையும் சொல்ல வேண்டும். கேள்வி கேட்பவரின் விருப்பம் கேள்விக்குள் புகுந்துவிடக் கூடாது, பதில் சொல்பவரின் சம்மதம் வேண்டும், கிடைத்த விவரத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்றெல்லாம் உதாரணத்தோடு சொன்னார். அத்தனையும் எழுதிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவரே கரும்பலகையில் ஒரு தலைப்பை எழுதினார். 'மீனவப் பெற்றோரின் கல்வி ஆர்வமின்மையும் பள்ளி இடைநிற்றலும்.' அது அவருடைய ஆய்வு. ஒரு கருத்தரங்கில் கட்டுரையாக வாசிக்கப் போகிறார். விவரம் சேகரிப்பது எங்கள் வேலை. எங்களுக்குக் களப்பயிற்சி என்று மதிப்பெண் உண்டு. ஆய்வு நடக்கப் போகும் ஊர்களில் எங்கள் தீவும் இருந்தது.

நான் எழுந்து நின்றேன். "சார், ஆர்வம் இல்லைன்னு தலைப்பிலயே சொல்லிட்டோம். அப்புறம் போய் எதைக் கண்டுபிடிக்கிறது?"

"அது கருதுகோள்மா. தப்பா இருந்தா டேட்டா சொல்லும்."

"தப்புன்னு சொல்றதுக்கு இந்த வினாநிரல்ல இடமே இல்லையே சார்."

சிலர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "நீ அந்த ஊர்க்காரி. உனக்குச் சுருக்குனுதான் இருக்கும். அதைத்தான் நாம சார்புன்னு சொல்றோம்" என்று சொல்லிவிட்டு, கரும்பலகையில் 'சார்பு' என்று எழுதி அடிக்கோடு போட்டார். வகுப்பு முழுவதும் அதை நோட்டில் எழுதிக்கொண்டது. நானே அன்று ஒரு உதாரணமாகிவிட்டேன்.

வினாநிரலில் இருந்தவை எல்லாம் வாக்கியங்கள். 'பெண் குழந்தைகளுக்கு உயர்கல்வி தேவையில்லை.' 'குழந்தையின் படிப்பைவிடக் குடும்ப வருமானமே முக்கியம்.' ஒவ்வொன்றுக்கும் எதிரே முழுமையாக உடன்படுகிறேன் என்பதிலிருந்து முழுமையாக மறுக்கிறேன் என்பது வரை கட்டங்கள். குடும்பத் தலைவர் பதில் சொல்ல வேண்டும். பிள்ளையிடம் கேட்க ஒரு வரிகூடக் கிடையாது.

என் சித்தி மகள் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். அவளிடம் போய், வினாநிரலை மடித்து வைத்துவிட்டு, ஏன் நின்றாய் என்று கேட்டேன். அதற்கு முன்பு நானும் கேட்டதில்லை.

"படகு வுட்டு எறங்குனா சேறுக்கா. முட்டி வரைக்கும். குழாய்ல கழுவினு போறதுக்குள்ள பெல் அடிச்சிரும். லேட்டா போனா வெளில நிக்க வெப்பாங்க. ஈரப் பாவாடையோட கேட்டாண்ட நிக்கணும், பசங்கள்லாம் பாத்துனு போவானுங்க. வாடைக் காத்துல படகே வராது. அதுக்கும் நிக்கணும். ஒரு நாளு போவல. அப்றம் போவல."

"சித்தி ஒண்ணும் சொல்லலையா?"

"அம்மா அடிச்சிச்சு, போவ சொல்லி." அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

அவள் சொன்னதைப் படிவத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டு போனேன். பேராசிரியர் பார்த்தார். "ஓரத்துல எழுதுறதை எல்லாம் எப்படிம்மா எண்ணாக்குறது? கட்டத்துல டிக் இருக்கா பார்" என்றார்.

எங்கள் தீவில் பாதி வீடுகள் என் பொறுப்பு, பாதி வீடுகள் என்னோடு படித்த ஒருவனுடையது. அவன் மீஞ்சூர்ப் பக்கத்துப் பையன். என்னைவிட இரண்டு வயது சின்னவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான். அன்று காற்று அதிகம். பழவேற்காட்டுக் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தவன், "எனக்கு நீச்சல் தெரியாதுக்கா, இன்னொரு நாள் வர்றேன்" என்றான். அதில் தப்பில்லை. பயம் யாருக்கும் வரும். நான் மட்டும் ஏறிப் போனேன். ஆனால் மறுவாரம் அவன் தன் பங்குப் படிவங்களை எல்லாம் நிரப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். தீவில் அவனை யாரும் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் வேற்றாள் ஒருவர் இறங்கினால் சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும்.

விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலை எனக்கு வந்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தேன். ஒரு படிவத்தில் என் நைனாவின் பெயர் இருந்தது.

தொழில், மீன்பிடித்தல். பிள்ளைகள், மூன்று. பள்ளியை விட்டு நின்றவர்கள், இரண்டு. பெண் குழந்தைகளுக்கு உயர்கல்வி தேவையில்லை என்ற வாக்கியத்துக்கு எதிரே, முழுமையாக உடன்படுகிறேன் என்ற கட்டத்தில் நீல மையில் ஒரு டிக். கீழே கையெழுத்துக்கூட இருந்தது.

நைனாவுக்கு நான் ஒரே பிள்ளை. அவர் செத்து மாதங்கள் ஆகியிருந்தன. எனக்குக் கண்ணீர் வரவில்லை. காது இரண்டும் சூடாகி, பக்கத்தில் இருந்தவர்கள் பேசுவது கேட்காமல் போயிற்று.

அவனைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, அந்தப் படிவத்தைக் காட்டினேன். அது என் அப்பா என்று அவனுக்குத் தெரியாது. சொன்னதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. வாக்காளர் பட்டியலிலிருந்து, வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே, குறிப்பிட்ட இடைவெளி விட்டுப் பெயர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். அதில் ஒரு பிழையும் இல்லை. பட்டியலில் நைனாவின் பெயர் இன்னும் நீக்கப்படவில்லை. ஆளைப் போய்ப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

"எல்லாரும் பண்றதுதான்க்கா" என்றான். "சாருக்கே தெரியும். ரிசல்ட் எப்படி வரணும்னு அவரே சொல்லிட்டாரே."

பேராசிரியரிடம் போனேன். படிவத்தை வாங்கிப் பார்த்தார். "அடடா, வருத்தமான விஷயம்" என்றார். பிறகு, "இந்த ஒண்ணை எடுத்துடலாம்" என்றார்.

"மத்தது எல்லாம் சார்?"

"அதெல்லாம் பொய்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அவன் ஊருக்கே போகலை சார்."

"நீ உணர்ச்சிவசப்பட்ட நிலைமையில இருக்கே. வீட்ல இழவு வேற. களத்துல இருந்து வர்ற ஆளை ஆய்வுல சேர்த்தா இதுதான் சிக்கல்." மேசைமேல் இருந்த மற்றப் படிவங்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினார். அந்த ஒழுங்குபடுத்தலை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. பொய்யென்று தெரிந்த படிவங்களை, ஓரம் பிசகாமல் அடுக்கிவைத்தார்.

கல்லூரி முதல்வரிடம் புகார் கொடுக்க இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். எதற்கு என்றாள். சொன்னேன். அம்மா இறால் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"அவுரு எப்போ அப்டி சொன்னாரு?"

"சொல்லலைம்மா. அவனே எழுதிக்கிட்டான்."

"என் பேர்ல இன்னா எழுதிக்கீறான்?"

"உன் பேர்ல ஒண்ணும் இல்லை. குடும்பத் தலைவரைத்தான் கேட்பாங்க."

"செத்தவரைக் கேட்டுக்கீறாங்க. உசுரோட இருக்கறவள கேக்கல" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவ எழுந்தாள். மறுநாள் சான்றிதழை என்னிடம் கொடுக்காமல் தன் பையிலேயே வைத்துக்கொண்டு என்னோடு படகு ஏறிவிட்டாள்.

முதல்வர் அறையில் பேராசிரியரும் இருந்தார். அம்மாவை உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை. பேராசிரியர், "அம்மா, இது ஆராய்ச்சி சம்பந்தப்பட்டது. உங்களுக்குச் சொன்னாப் புரியாது. பையன் தெரியாம பண்ணிட்டான்" என்றார்.

அம்மா சத்தம் போடவில்லை. "என் ஊட்டுக்காரரு பொண்ணு படிக்க வேணாம்னு சொன்னாருனு எழுதிக்கீறீங்களே சார். இத நாளைக்கு எங்கியோ படிப்பீங்க. கேக்கறவங்க நம்புவாங்க. அவுரு வந்து இல்லனு சொல்வாரா?" என்றாள். சான்றிதழைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். முதல்வர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அம்மா குடிக்கவில்லை.

கருத்தரங்கில் அந்தக் கட்டுரை வாசிக்கப்படவில்லை. ஆனால் ஏன் என்று எங்கேயும் ஒரு வரி எழுதப்படவும் இல்லை. உடல்நிலை காரணமாகப் பேராசிரியர் வரவில்லை என்று அறிவித்தார்களாம். என்னோடு படித்தவன் வேறு தலைப்பில் ஆய்வை முடித்துத் தேர்ச்சி பெற்றான். போகும்போது என்னிடம் மன்னிப்புக் கேட்டான். பேராசிரியர் அடுத்த வருஷமும் அதே பாடத்தை எடுத்தார், ஆய்வு நெறிமுறை அத்தியாயம் உட்பட. என் ஆய்வேட்டுக்கும் அவர்தான் வழிகாட்டி; எனக்கு மட்டும் ஆளை மாற்றினார்கள். அதையும் எனக்குச் செய்த உபகாரம்போலச் சொன்னார்கள்.

புதிய வழிகாட்டி அம்மையார் அதிகம் பேசாதவர். படிப்பை விட்ட பெண்களிடமே கேட்கிறேன் என்றதும், அதிகாலைப் படகில் நீயும் போய்ப் பார்த்து எழுது என்றார். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோடு படகில் போனேன், சேற்றில் இறங்கினேன், கேட்டில் நின்றேன். நின்றுபோன பெண்கள் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே எழுதினேன். பெற்றோரின் ஆர்வத்தை அளக்கும் கட்டங்கள் அதில் இல்லை. ஆய்வேட்டுக்கு நல்ல மதிப்பெண் வந்தது. நூலக அலமாரியில் இருக்கிறது. யாராவது எடுத்துப் படித்தார்களா என்று தெரியாது.

அச்சான ஆய்வேட்டைச் சித்தி மகளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தன் பேச்சு இருந்த பக்கத்தைக் கண்டுபிடித்துப் படித்தாள். "நான் சொன்ன மாரியே கீதே" என்றாள். பிறகு, "இப்போ கேட்டாண்ட நிக்க வெக்கறது இல்லியா?" என்று கேட்டாள்.

நிற்க வைக்கிறார்கள் என்றேன். அவள் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, தான் வேலை செய்யும் கம்பெனியின் வேனைப் பிடிக்கப் படகுக்குக் கிளம்பினாள்.

இப்போது நான் ஒரு கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறேன். போன வாரம் ஒரு மாணவி வந்து, "மேடம், சாம்பிள்ல வந்த சிலர் வீட்ல இல்லை, என்ன பண்றது?" என்று கேட்டாள். இல்லை என்று எழுது என்றேன். என் குரல் தேவைக்கு மேல் கடுமையாக இருந்திருக்க வேண்டும். அவள் பயந்துபோய் நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு கூப்பிட்டு உட்கார வைத்து, கோபம் உன்மேல் இல்லை என்று சொன்னேன்.