அச்சில் போட்ட ஒப்பாரி

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதம் நடந்தது இது. கிளிநொச்சியில் நான் வேலை செய்யும் நூலகத்துக்கு அப்போது இரண்டு யூரியா பை நிறையத் தாள்கள் வந்திருந்தன.

அவை வட்டக்கச்சியில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையவை. வன்னி முழுக்கச் சைக்கிளில் திரிந்து நாட்டார் பாடல்களை எழுதி எடுத்தவர். அவர் காலமான பிறகு மனைவி எல்லாவற்றையும் கட்டி எங்களிடம் ஒப்படைத்துவிட்டார். ஒழுங்குபடுத்தும் வேலை எனக்கு வந்தது.

பள்ளிக்கூடத்துப் பழைய வினாத்தாள்களின் வெற்றுப் பக்கத்தில்தான் அவர் எழுதியிருந்தார். தாலாட்டு, நெல் அறுக்கும்போது பாடும் அரிவுவெட்டுப் பாட்டு, ஒப்பாரி எல்லாம் இருந்தன. மேலே பாடியவரின் பெயரும் ஊரும் இருக்கும். நான் கையெழுத்துள்ள பக்கத்தை மட்டும் ஸ்கான் பண்ணினேன். பின்னால் சோதனைக் கேள்விகள்தானே என்று, திருப்பிப் பார்ப்பதை முதல் நாளே விட்டுவிட்டேன்.

ஒரு ஒப்பாரியை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன். முள்ளியவளையில் ஒரு தாய் தன் மகனுக்குப் பாடியது. மகனுக்கென்று தினமும் சோறு போட்டு மூடிவைத்த கோப்பையை, இனி நீ வரமாட்டாய் என்று இன்றைக்குக் கழுவிக் கவிழ்க்கிறேன் என்று அதில் வரும். ஆசிரியரின் நினைவாக நாங்கள் வெளியிட்ட சிறு நூலில் அதையே முதல் பாட்டாக வைத்தேன். அந்தத் தாயின் பெயரையும் ஊரையும் போட்டேன். அது அவருக்குச் செய்யும் மரியாதை என்றுதான் நினைத்தேன். அவரைத் தேடிப்போய் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நூல் வந்து மூன்றாவது கிழமை, காலை பஸ்ஸில் ஒரு அம்மா நூலகத்துக்கு வந்தார். எழுபது வயதிருக்கும். ஒரு கையில் அந்த நூல். மற்றக் கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு இளைஞனின் படம்.

"இதைப் போட்ட ஆள் ஆர்?"

நான்தான் என்று சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் இருக்கவில்லை.

"என்ர மகன் செத்துப்போனான் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

அந்த ஒப்பாரியைப் பாடிய தாய் இவர்தான். கடைசி யுத்தத்தில் காணாமல் போன மகன். பிள்ளைகள் எங்கே என்று கேட்டு மற்றத் தாய்மாரோடு இன்றைக்கும் றோட்டோரப் போராட்டக் கொட்டிலில் படத்தோடு இருப்பவர் அவர்.

"ஒருநாள் மனம் தாங்கேலாமல், மருமகள் வீட்டில இல்லாத நேரம் மாஸ்டருக்குப் பாடினனான். ஒருத்தருக்கும் காட்டமாட்டன் எண்டு அவர் அதிலயே எழுதி வைச்சவர்."

தாளைத் தேடி எடுத்துத் திருப்பினேன். கணக்குக் கேள்விகளுக்கு நடுவே, பென்சிலில், சின்ன எழுத்தில் இருந்தது: 'இதை எவருக்கும் காட்டுவதில்லை. மகன் வந்ததும் அவர் முன்னால் கிழிக்க வேண்டும்.'

"அயலுக்க ஆரோ மருமகளிட்டப் புத்தகத்தைக் குடுத்திட்டினம்," என்றார் அந்த அம்மா. "அவள் ஒண்டும் கதைக்கேல்ல. அடுத்த நாள் பொட்டு வைக்கேல்ல."

தாளைக் கொடுத்தேன். அந்த இடத்திலேயே கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் அதை நாலாக மடித்து, மகனின் படத்துக்குப் பின்னால் உறைக்குள் செருகினார்.

"கிழிக்கிறது அவன் வந்த பிறகு."

அவ்வளவுதான். போய்விட்டார்.

அதன் பிறகு வீடு வீடாக அலைந்து நூலைத் திருப்பிக் கேட்டேன். சிலர் தந்தார்கள். நல்ல பாட்டுத்தானே, ஏன் என்று சிலர் கேட்டார்கள். வெளிநாட்டுக்குப் போன பிரதிகளுக்கு நான் எங்கே போவது?

அடுத்த மாதம் மன்னிப்புக் கேட்க முள்ளியவளைக்குப் போனேன். அந்த அம்மா கொட்டிலுக்குப் போயிருந்தார். மருமகள்தான் நின்றார். நாற்பதை நெருங்கும் வயது. நெற்றி வெறுமையாக இருந்தது. நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை நிலத்தைப் பார்த்தபடி கேட்டார். பிறகு குசினிக்குள் போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

"நீங்கள் போடாட்டியும் எனக்குத் தெரியும் அக்கா. அவர் வரமாட்டார் எண்டு எனக்கு எப்பவோ தெரியும். மாமி தாங்கமாட்டா எண்டுதான் பொட்டு வைச்சுக்கொண்டு திரிஞ்சனான்."

தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்தினார்.

"மாமி எனக்கு ஒளிச்சவா. நான் மாமிக்கு ஒளிச்சனான். இப்ப ரெண்டு பேருக்கும் தெரிஞ்சு போச்சு. அவா இப்பவும் படத்தைக் கொண்டு போறா, வாறா. முந்தி அவர் வந்தால் எண்டு ஏதாவது கதைப்பம். இப்ப வீட்டில கதையே இல்லை."

தேத்தண்ணியைக் குடிக்காமல் வரக்கூடாது என்று குடித்தேன். பஸ்ஸில் வரும்போது அழுகைகூட வரவில்லை.

யாரும் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் பிறகு கேட்கவில்லை. அந்தப் பைகளில் இருந்தவற்றில் அதுதான் சிறந்த பாட்டு என்று இன்றைக்கும் நினைக்கிறேன், அப்படி நினைக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.