மொட்டைத் தலையில் எழுதிய பெயர்

இன்று காலை திருச்சானூரில் ஷேர் ஆட்டோ ஏறினேன். முன் சீட்டில், அப்போதுதான் மொட்டை போட்ட தலை ஒன்று. சந்தனம் இன்னும் காயவில்லை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டேன். திருப்பதியில் டாட்டூ கடை வைத்திருப்பவன் மொட்டைத் தலைக்குப் பயந்தால் பிழைப்பு ஓடுமா என்று நீங்கள் கேட்கலாம். எப்படியோ ஓடுகிறது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே எழுத்தின் மேல் இருந்த கிறுக்கால்தான். நகரியில் எங்கள் வீட்டுப் பவர்லூம் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து தங்கையின் நோட்டு லேபிள்களில் பெயர் எழுதுவேன். கடைசி எழுத்தின் வாலை ஒரு சுழி சுழித்து, அடியில் மூன்று புள்ளி வைப்பேன். வேறெதற்கும் லாயக்கில்லை என்று வீட்டில் முடிவானதும், சித்தூரில் பைக் நம்பர் பிளேட் எழுதும் கடையில் சேர்ந்தேன். அங்கே ஒரு லாரி டிரைவர், “பிளேட்டுல எழுதற மாரியே எங்கையில எம்பொண்ணு பேர எழுதேன்பா” என்று கையை நீட்டினார். எனக்கு அப்போது மிஷினைப் பிடிக்கக்கூடத் தெரியாது. ஆனாலும் அந்தக் கையை மறக்க முடியவில்லை. திருப்பதிக்குப் போய், ஒரு கடையில் ஆறு மாதம் வாழைப்பழத் தோலில் குத்திப் பழகினேன். இன்றைக்கும் பழம் வாங்கினால் தோலைத்தான் முதலில் பார்க்கிறேன்.

சொந்தக் கடை போட்ட புதிதில் ஒருவன் மலையிலிருந்து நேராக இறங்கி வந்தான். மொட்டை, சந்தனம்.

“லாவண்யான்னு தெலுங்குல எழுதுங்கண்ணா, தலைமேலயே. அதுக்கு வேற எடத்துல கல்யாணம் ஆயிடுச்சி. யாருக்கும் தெரியக்கூடாது, ஆனா எங்கிட்ட இருக்கணும்” என்றான்.

சந்தனத்தைத் துடைத்துவிட்டு, “ரெண்டு மாசத்துல முடி வளந்துரும், ஒருத்தருக்கும் தெரியாது” என்றேன். ஊர் உலகமே முடி கொடுக்க வரும் திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொன்ன மடையன் நான். எலும்பு மேல் ஊசி அதிர, அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். நான் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வழக்கம்போல வாலைச் சுழித்து மூன்று புள்ளி வைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்துத் தங்கைக்குப் பாகாலாவிலிருந்து வரன் வந்தது. நெற்றியில் விழும் சுருட்டை முடி. பெண் பார்க்க வந்த அன்று என்னைக் கண்டதும் மாப்பிள்ளை எழுந்து நின்றார். கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான். நான் போனால் டிவியை நிறுத்துவார், நான் உட்காரும்வரை உட்கார மாட்டார். இந்தக் காலத்தில் மச்சானுக்கு இவ்வளவு மரியாதை கொடுப்பவர் உண்டா என்று நகரி முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அவருக்கு டெங்கு வந்தபோது, பிழைத்தால் அவர் முடியைத் தருவதாகத் தங்கை வேண்டிக்கொண்டாள். வேலை, தலைவலி என்று அவர் ஒன்றரை வருஷம் தள்ளிப்போட்டார். கடைசியில் குழந்தைக்கு மொட்டை போடும்போது அப்பாவுக்கும் சேர்த்து என்று இழுத்துக்கொண்டு போனாள். குழந்தையைத் தூக்கிக்கொள்ள நானும் கூடப் போனேன்.

மலைமேல் நாவிதர் தலையை நனைத்து பிளேடை இழுத்தார். இரண்டாவது இழுப்பில் ஒரு சுழி தெரிந்தது. பிறகு மூன்று புள்ளி. பிறகு முழுப் பெயர். அந்த அதிர்ச்சியிலும் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? இத்தனை வருஷத்தில் மை கொஞ்சம்கூடப் பரவவில்லையே என்றுதான். வெட்கக்கேடு.

தங்கை குனிந்து படித்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

“டேய், இது உன் எழுத்துடா.”

“சத்தியமா இவர்தான்னு எனக்குத் தெரியாதும்மா” என்றேன். அது உண்மை. அந்தத் தலையை மணிக்கணக்கில் பார்த்தவன், அதற்குக் கீழே இருந்த முகத்தைச் சரியாக ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஆனால் மாப்பிள்ளை, பாவம், என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து ஈரத் தலையோடு கும்பிட்டார்.

“மச்சான் மேல தப்பில்ல. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிபோச்சி. நீ மனசு நோவக்கூடாதுன்னுதான் அவரு இத்தினி நாளா சொல்லாம கீறாரு.”

இல்லை, இல்லை என்று நான் தலையை ஆட்டினேன். குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தங்கை நடந்தாள்.

புதிதாக மிஷின் வாங்கியவர்கள் போன் செய்து, “அண்ணா, மொதல்ல இன்னா கத்துக்கணும்?” என்று கேட்கிறார்கள். ஊசியைக் கஸ்டமர் கண்ணெதிரே பிரிக்க வேண்டும், குடித்துவிட்டு வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும், காதலி பெயர் என்றால் மூன்று மாதம் கழித்து வரச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் எல்லோருமே சொல்வார்கள். நான் கூடுதலாக ஒன்று சொல்வேன்: உட்காரவைத்து, முகத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் பேசிவிட்டு அப்புறம் தோலைத் தொடு. ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

மாப்பிள்ளைக்கு முடி வளர்ந்துவிட்டது. ஒரு மாதம் அவரோடு பேசாமல் இருந்த தங்கை, இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறாள். அவருடையது கல்யாணத்துக்கு முந்தைய கதை. நான் கூடப் பிறந்தவன். தெரிந்தே மறைத்தேன் என்று இன்றுவரை நம்புகிறாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் எனக்கு மரியாதை கொடுத்ததே இல்லை. வாசலில் கால் வைத்ததும், “டேய், துன்னியாடா?” என்று உள்ளேயிருந்தே கத்துவாள். போன வாரம் பாகாலா போயிருந்தேன். கதவைத் திறந்து ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

“வாங்க. சாப்பிடறீங்களா?” என்றாள்.